எண் போட்ட வாக்குமூலம்

சாங்சோ
1980 மார்ச் 2

மதிப்பிற்குரிய தோழர் தாவ் குய்ஃபென் அவர்களுக்கு,

இங்கு நலம். தங்கள் நலமறிய விரும்புகிறேன். கான்சுவில் மார்ச்சிலும் பனி உருகாது என்று படித்திருக்கிறேன். முழங்கால்களைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை நினைவிருக்கிறதோ என்னவோ. பஞ்சாலையில் உங்களோடு வேலை செய்த ஷென் ஷூச்சினின் அண்ணன் நான், ஷென் போவென். நடுநிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுதுவது முறைதானா என்ற சந்தேகத்தில் இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன். குழப்பம் வராமலிருக்க, சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. ஷூச்சினின் உடல்நிலை.
2. பழைய வழக்குகளை மறு ஆய்வு செய்யத் திறந்திருக்கும் அலுவலகம்.
3. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது.
4. நடந்ததற்காக யாரையும் கோபிப்பதில் ஏன் பயனில்லை என்பது.

முதலாவது. ஷூச்சின் என்னுடன் இருக்கிறாள். அறுபத்தெட்டுக்குப் பிறகு ஆலையில் அவளுக்குக் கழிவுப்பஞ்சு கூட்டும் வேலைதான் கொடுத்தார்கள். அந்தத் தூசியால் வந்த இருமல் நிற்கவில்லை. சென்ற ஆண்டு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது. கலாச்சாரப் புரட்சியின் பத்தாண்டுக் குழப்பத்தில் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை நகரத்தில் ஓர் அலுவலகம் திரும்பப் பார்க்கிறது. என் பெயருக்கு வந்த களங்கத்தையே போன வருடம் அங்கேதான் நீக்கினார்கள். உங்கள் தலையில் வைத்த 'கெட்ட பேர்வழி' என்ற முத்திரைத் தொப்பியை அவர்கள் எடுத்துவிட்டால், உங்கள் குடிப்பதிவைப் பண்ணையிலிருந்து இங்கே மாற்றலாம். நீங்கள் ஊர் திரும்பலாம். ஆனால் அலுவலகம் இந்த ஆண்டோடு மூடப்படுகிறது.

மூன்றாவது. ஒரு மனு எழுதி எனக்கு அனுப்புங்கள். மீதி நடையை நான் நடக்கிறேன்.

நான்காவது. அன்று கூச்சலிட்டவர்கள், கைதட்டியவர்கள், எழுதியவர்கள் எல்லோருமே காலத்தின் பிடியில் இருந்தவர்கள். தவறு காலத்தினுடையது. ஒருவரைச் சுட்டிக்காட்டுவதில் யாருக்கும் நன்மை இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

புரட்சி வணக்கத்துடன்,
ஷென் போவென்

*

கான்சு, எட்டாவது பண்ணை
1980 ஏப்ரல் 6

ஷென் போவென் அவர்களுக்கு,

சுகமா? என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. இடது கையில் இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டது. மிச்சமுள்ள எட்டு விரல்களால் நூற்றுப் பதினான்கு ஆடுகளை மேய்க்கிறேன்.

உறையைப் பிரித்ததும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பார்த்தேன். பெயரைப் படிக்கும் முன்பே யார் என்று தெரிந்துவிட்டது.

முழங்காலைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். பன்னிரண்டு குளிர்காலத்துக்கும் சேர்த்து ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தவறு காலத்தினுடையது என்கிறீர்கள். அப்படியானால் காலத்தையே வரவழைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், நான் ஏன் மனு போட வேண்டும்?

நானும் ஷூச்சினும் பெண்கள் விடுதியில் ஏழு வருடம் ஒரே அறையில் இருந்தோம். ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஒருவரை ஒருவர் விரும்பினோம். இதனால் ஆலையில் ஒரு நூல் அறுந்ததா? ஒரு கெஜம் துணி குறைந்ததா? மூன்று வருடம் எங்கள் பிரிவுக்குத்தான் சிறந்த உழைப்புக்கான சிவப்புக்கொடி கொடுத்தார்கள். அந்தக் கொடியைப் பிடித்த கையில்தான் இப்போது இரண்டு விரல் இல்லை.

மனு இதோடு இருக்கிறது. இது உங்களுக்காக இல்லை. நான் அந்த ஊருக்கு வரவேண்டும். அவள் இருக்கும் ஊர் அது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஷூச்சின் ஏன் எழுதவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளை.
தாவ் குய்ஃபென்

*

சாங்சோ
1980 ஏப்ரல் 27

தோழர் தாவ் குய்ஃபென் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பத்திரமாக வந்தது. விரல்களைப் பற்றிப் படித்து மிகவும் வருந்தினேன். எஞ்சியவற்றுக்கு ஆட்டுக்கொழுப்பு தடவலாம் என்கிறார்கள். ஷூச்சினின் இருமல் முன்பு எழுதியது போலவே இருக்கிறது.

கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு விரலா? எந்தக் கை?"

"இடது."

"நல்லவேளை. சீட்டாட்டத்துல ஏமாத்துறது வலது கையாலதான். அது தப்பிச்சுது."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆனது. பிறகு, "நீயே ஒரு வரி எழுதேன்" என்றேன்.

"பேனாவா? நான் கடைசியா எழுதுனது என்னன்னு உனக்குத் தெரியும்ணா."

மொச்சையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மனுவை அலுவலகத்தில் கொடுத்தேன். தோழர் லூ என்ற இளைஞர் பார்க்கிறார். மரியாதையானவர், தேநீர் கொடுத்தார்.

"வாத்தியாரே, இது அரசியல் வழக்கு இல்லியே. வாழ்க்கை ஒழுக்கம் சம்பந்தப்பட்டது. அரசியலா இருந்தா நாளைக்கே தொப்பிய எடுத்துடலாம்."

"தண்டனை கொடுத்தவங்க அதே ஆட்கள்தானே? அவங்க செஞ்சதெல்லாம் தப்புன்னு நீங்களே அறிவிச்சிருக்கீங்க."

"அவங்க செஞ்சது தப்புதான். ஆனா இந்த ஒரு விஷயத்துல சரியாத்தானே சொல்லியிருக்காங்க? உங்க தங்கச்சியே ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்காங்க பாருங்க. ஏழு பாயிண்ட். எவ்வளவு தெளிவு! இந்த மாதிரி ஒரு வாக்குமூலம் எங்க அலமாரியிலயே இல்ல."

அன்று புழுக்கம் அதிகம். தேநீரை முடிக்காமலே எழுந்தேன்.

கிளம்பும்போது அவரே ஒரு வழி சொன்னார். "ரெண்டு பேருமே, ஒண்ணுமே நடக்கல, எல்லாம் பொய்க் குற்றச்சாட்டுன்னு எழுதிக் குடுத்துடுங்க. வீண்பழின்னு போட்டு முடிச்சுடலாம். எதுக்கு வம்பு?"

நீங்கள் கையெழுத்திட வசதியாக அந்த மறுப்பை ஐந்து குறிப்புகளாக எழுதி இணைத்துள்ளேன். ஷூச்சின், "அவ போட்டா நானும் போடறேன்" என்று மட்டும் சொன்னாள். யோசிக்காமல் கையெழுத்திடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தாள்தானே. அது உங்களை ஊர் கொண்டுவந்து சேர்க்கும்.

புரட்சி வணக்கத்துடன்,
ஷென் போவென்

*

கான்சு, எட்டாவது பண்ணை
1980 ஜூன் 3

ஷென் போவென் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே தாள் கிடைப்பது அரிது. அதனால் நீங்கள் அனுப்பிய மறுப்பின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் கையெழுத்து இருக்காது.

முதல் குறிப்பில், 'எங்களுக்குள் சாதாரணத் தோழமை தவிர வேறு எதுவும் இருந்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தது. அது இருந்ததற்காகத்தான் கழுத்தில் பலகை மாட்டினார்கள், பாதித் தலையை மழித்தார்கள், இங்கே அனுப்பினார்கள். அவ்வளவும் பட்ட பிறகு, அது இல்லவே இல்லை என்று நானே எழுதித் தர வேண்டுமா? அடித்தவன் அடித்துவிட்டுப் போவான், வலித்ததே பொய் என்று நான் சான்று கொடுக்க வேண்டும். நல்ல நியாயம்! ஆட்டுக்குக்கூட இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமலே செத்துவிடலாம் என்று இருந்தேன். உங்கள் ஐந்து குறிப்புகளைப் பார்த்த பிறகு அடக்க முடியவில்லை.

அன்று மேடையில் என்னை மண்டியிட வைத்து ஷூச்சினின் வாக்குமூலத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முதலாவது, இரண்டாவது என்று ஏழு வரை. ஐந்தாவதில், 'மேற்கூறிய உறவைத் தொடங்கியதும் என்னைத் தூண்டியதும் தாவ் குய்ஃபென்' என்று வந்தது. அதனால் அவளுக்கு இரக்கம் கிடைத்தது, எனக்குப் பண்ணை கிடைத்தது.

ஷூச்சின் பிறந்ததிலிருந்து எதற்கும் எண் போட்டவள் இல்லை. துணியில் குறை எண்ணும்போதே மூன்றைத் தாண்டினால் மறந்துபோய், "அடியே, நான் எதுல இருந்தேன்?" என்று என்னைக் கேட்பாள். 'மேற்கூறிய' என்ற சொல்லை அவள் வாயில் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாவது குறிப்பு வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது படித்த ஆளின் கை என்று. அவள் வீட்டில் படித்த ஆள் ஒருவர்தான்.

பன்னிரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி நீங்களும் உள்ளே போனால் அவளுக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள்?

அவளை வெயிலில் உட்காரச் சொல்லுங்கள். இருமலுக்கு நல்லது.
தாவ் குய்ஃபென்

*

கான்சு, எட்டாவது பண்ணை
1980 ஆகஸ்ட் 5

ஷென் போவென் அவர்களுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பயந்தவர்களுக்கு ஆயுசு கெட்டி.

கத்தரித்த கம்பளி அரைக் கட்டு அனுப்பியிருக்கிறேன். ஷூச்சினின் பருத்தி மேலங்கிக்குள் அடைக்கச் சொல்லுங்கள், மார்புக்கு இதம். அதையாவது எண் போடாமல் கொடுங்கள்.

தாவ் குய்ஃபென்

*

சாங்சோ
1980 ஆகஸ்ட் 24

குய்ஃபென் அவர்களுக்கு,

கம்பளி வந்தது. ஷூச்சின் அதை அடைக்கவில்லை. பையோடு மடியில் வைத்துக்கொண்டு, "ஆட்டு நாத்தம் அடிக்குது" என்றாள். அப்புறமும் இறக்கி வைக்கவில்லை.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உடல்நலக் குறைவு என்று ஒரு கடிதம் தொடங்கினேன். அது பொய். ஜூலையில் எங்கள் பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு விழா. மேடையில் இரண்டாவது வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உங்கள் கடிதத்துக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் அந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். விழா முடியட்டும் என்று காத்திருந்தேன். போய் உட்கார்ந்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். அதே சத்தம்தான் அன்று மேடையில் உங்களுக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. தலைமையாசிரியரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்தான்.

நீங்கள் சொன்னது சரி. நான்தான் எழுதினேன்.

ஷூச்சினை மூன்று நாள் அடைத்து வைத்து, நான்காம் நாள் வாக்குமூலம் எழுதிவரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒப்புக்கொள்பவருக்கு இரக்கம், மறைப்பவருக்குக் கடுமை என்று எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தது. நான் அதை நம்பினேன். வாத்தியார் அல்லவா, சுவரில் எழுதியிருந்தால் நம்பிவிடுவேன். முழுமையாக, ஒழுங்காக, விடுபடாமல் எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் கிடைக்கும் என்று நினைத்தேன். நான் எழுதினேன், அவள் பார்த்துப் படியெடுத்தாள்.

ஐந்தாவதில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, அஞ்சாவத எடுத்துடு."

"எடுத்தா ஆறாவது நிக்காது."

"நிக்காட்டி விழட்டும். அவ என்னை இழுக்கல. நான்தான் அவகிட்டப் போனேன். குளிருதுன்னு பொய் சொல்லிட்டுப் போனேன்."

"இத வெளிய சொல்லாத. உன்னைக் காப்பாத்தணும்னா இப்படித்தான் எழுதணும்."

"அப்ப அவள யாரு காப்பாத்துறது?"

படியெடு என்றேன். எடுத்தாள். அன்றிலிருந்து பேனாவைத் தொடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். இந்த ஏப்ரல் வரை அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18ஆம் தேதி தோழர் லூவிடம் எழுத்துமூலம் கொடுத்துவிட்டேன். அந்த வாக்குமூலம் என்னுடையது, ஷூச்சினுடையது அல்ல, ஐந்தாவது குறிப்பு நானே புனைந்தது, ஆகவே அதைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று. நீங்கள் எதையும் மறுக்க வேண்டாம். ஷூச்சினும் மறுக்க வேண்டாம். மறுக்க வேண்டியது என் எழுத்தை மட்டும்தான்.

அந்தத் தாளில் எண் போடவில்லை.

ஷென் போவென்

*

மறு ஆய்வு அலுவலகம்
1980 அக்டோபர் 10

தோழர் தாவ் குய்ஃபென் (நகல்: தோழர் ஷென் போவென்)

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு முடிவுக்கு ஆதாரமான வாக்குமூலம் வேறொருவரால் இயற்றப்பட்டது எனத் தெரியவந்துள்ளதால், அம்முடிவு ரத்து செய்யப்படுகிறது. 'கெட்ட பேர்வழி' என்ற அடையாளம் நீக்கப்படுகிறது. ஏற்கும் குடும்பத்தின் ஒப்புதலுடன் குடிப்பதிவை மாற்றிக்கொள்ளலாம்.

எனினும், மேற்படி நபருக்கு ஷென் ஷூச்சின் என்ற பெண் தோழருடன் இயல்புக்கு மீறிய நெருக்கம் இருந்தது உண்மையே என்பதும், அது வாழ்க்கை ஒழுக்கத்தில் ஒரு பிழை என்பதும், அதற்கான தண்டனை அளவுக்கு மீறியது என்பதும் கோப்பில் பதிவு செய்யப்படுகின்றன.

தோழர் ஷென் போவெனின் செயல் அவரது கோப்பில் தனியே குறிக்கப்பட்டுள்ளது.

*

சாங்சோ
1980 அக்டோபர் 15

குய்ஃபென் அவர்களுக்கு,

நலம். அலுவலகத்தின் தாள் உங்களுக்கும் வந்திருக்கும். தொப்பியை எடுத்துவிட்டு வாலை ஒட்டிவிட்டார்கள்! அந்த இரண்டாவது பத்தியைப் படித்ததும் நான் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

"தோழர் லூ, என்ன இது? அளவுக்கு மீறின தண்டனையா? அப்ப சரியான அளவு என்ன? ஒரு விரலா?"

"வாத்தியாரே, மெதுவா பேசுங்க."

"ஐம்பது வருஷமா மெதுவாத்தான் பேசினேன். அதான் இங்க வந்து நிக்கறேன். ரெண்டு பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பிரியமா வச்சுக்கிட்டாங்க. உங்க சொத்து எது குறைஞ்சுது? எந்த ஆலை நின்னுது?"

"எல்லாக் கோப்புலயும் ஏதாவது வால் விடறதுதான் வழக்கம். முழுசா சுத்தம்னு எழுதினா, முன்ன கையெழுத்துப் போட்டவங்க மனசு வருத்தப்படும்ல?"

அவர்கள் மனசு வருத்தப்படுமாம்! பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி ஏட்டை நீட்டினார். நான் போடவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக ஓர் அரசுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கப் பார்த்தால் சாவி துவாரத்தில் போகவில்லை. காவலாளிதான் திறந்துவிட்டார்.

வாலை நீக்கக் கோரி மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் நேரம் போதுமா என்று சந்தேகம். ஆனாலும் விடக்கூடாது என்று நினைக்கிறேன். உங்கள் சம்மதம் தேவை.

ஷென் போவென்

*

கான்சு, எட்டாவது பண்ணை
1980 நவம்பர் 2

போவென் அண்ணனுக்கு (ஷூச்சின் அப்படிக் கூப்பிடுவதால்),

நலம். உங்கள் சைக்கிள் சாவி இப்போது துவாரத்தில் சரியாகப் போகும் என்று நம்புகிறேன்.

மேல்முறையீட்டைக் கிழித்துப் போடுங்கள். அந்த வால் எனக்கு வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். எங்களுக்குக் கல்யாணத் தாள் கிடையாது. சேர்ந்து எடுத்த ஒரு படம் இருந்தது, அதையும் எரித்துவிட்டார்கள். நானும் அவளும் ஒருவருக்கு ஒருவர் என்று இந்த நாட்டில் ஒரு தாளிலும் இல்லை. இப்போது சிவப்பு முத்திரை குத்தி, இரண்டு பேர் பெயரையும் எழுதி, 'நெருக்கம் இருந்தது உண்மையே' என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பிழை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிழையில்தான் நான் உயிரோடு இருந்தேன். அதை வெட்டினால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? இங்கே நூற்றுப் பதினான்கு வாலோடு வாழ்ந்துவிட்டேன், நூற்றுப் பதினைந்தாவதுக்கா வெட்கப்படப் போகிறேன்?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பேனா எடுக்கும்போதெல்லாம் ஐந்தாவது குறிப்புதான் காதில் கேட்கிறது. ஆனால், குளிருது என்று அவள் சொன்னது பொய் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அதைச் சொன்னதற்கு நன்றி. ஆட்டுக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பதிவை மாற்ற ஏற்கும் வீட்டின் ஒப்புதல் வேண்டும். எடுத்து அனுப்புங்கள். வந்த அன்றே கிளம்பிவிடுவேன்.

குய்ஃபென்

*

சாங்சோ
1980 நவம்பர் 23

பதிவேட்டில் எழுதியபடி, தங்கை குய்ஃபெனுக்கு,

நலம். ஷூச்சினும் நலம். வெயில் இருக்கும் வரை வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மேல்முறையீட்டைக் கிழித்துவிட்டேன். அலுவலக ஏட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தோழர் லூ, "வாலோடயே வாங்கிக்கறீங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். "உரியவங்க கேட்டு வாங்கறாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒப்புதல் சீட்டு இதனுடன் உள்ளது. அதை வாங்க ஷூச்சினும் என்னோடு வந்தாள். எழுத்தர் பெண், "குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவு?" என்று கேட்டாள்.

"தங்கை" என்றேன்.

"குலப்பெயர் வேறயா இருக்கே?"

"தங்கைதான். எழுதுங்க."

என் குரல் வரிசையின் கடைசிவரை கேட்டிருக்க வேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். ஷூச்சின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுண்ணா. அந்தக் கட்டம் சின்னது. அதுல அவ்வளவுதான் எழுத முடியும்."

வீட்டுக்கு வந்ததும் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். மை சரியாக இறங்கவில்லை, உதறி உதறி எழுதினாள். மூன்று நாள் ஆனது. ஒட்டிய உறை இதற்குள் இருக்கிறது. நான் படிக்கவில்லை. ஓர் எழுத்தும் திருத்தவில்லை. உறையின்மேல் உங்கள் பெயரை எழுதியதில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்த்தும் அப்படியே அனுப்புகிறேன்.

மேற்குப் பக்கத்து அறையைத் தயார் செய்துவிட்டாள். என் கட்டில் இப்போது முன்னறையில்.

கடைசியாக, மார்ச் 2ஆம் தேதிக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் எழுதியிருந்தேன். முதல் மூன்றும் சரியாகவே இருந்தன என்று நினைக்கிறேன். நான்காவது தவறு. காலம் என் மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. காலத்துக்கு 'மேற்கூறிய' என்று எழுதத் தெரியாது. ஷூச்சின் எடுத்துவிடு என்று கேட்டபோது மாட்டேன் என்று சொன்னதும் காலம் இல்லை. கோபிப்பதில் பயனில்லை என்று நான் எழுதியது, நீங்கள் என்னைக் கோபித்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான். வாருங்கள், வந்து எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபியுங்கள். நான்காவதை அடித்துவிட்டேன்.

ஷென் போவென்